பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் வரலாறு

பாஸ் லினக்ஸ் என்பது இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவாக்கப்பட்ட கட்டற்ற, திறமூல கணினி இயங்குதளம் ஆகும். 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்ற முழுப்பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'பாஸ்' ஆயின. இது டெபியன் குனு/லினக்ஸ் என்னும் உலகளாவிய வழங்கலை அடிப்படையாகக் கொண்டது. இதன் முதல் பதிப்பு 2007 ஜனவரி 10 அன்று வெளியானது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தட்டெழுதவும் படிக்கவும் ஏற்ற வசதிகள் இதனுடன் சேர்த்தே வழங்கப்படுகின்றன. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றதால், தமிழ்நாட்டில் மிகப் பலரின் வீட்டுக்குள் நுழைந்த முதல் கட்டற்ற இயங்குதளம் இதுவே எனலாம்.

இயங்குதளமும் மூலநிரலும்

கணினியின் செயலகம், நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றை ஒருங்கிணைத்து, மற்ற மென்பொருள்கள் அவற்றைப் பயன்படுத்த வழிசெய்யும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். இதன் மையப்பகுதி கருனி எனப்படும். கருனியும் அதனுடன் தேவையான பிற மென்பொருள்களும் சேர்த்துத் தொகுத்து, நிறுவுவதற்கு ஏற்றபடி தரப்படுவது வழங்கல் எனப்படும். லினக்ஸ் என்பது கருனியின் பெயர். டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவை வழங்கல்கள்.

நிரலாளர் எழுதும் வடிவம் மூலநிரல். அது கணினிக்கு மட்டும் புரியும் வடிவத்துக்கு மாற்றப்பட்ட பிறகே இயங்குகிறது. இந்த வேறுபாட்டைச் சிவகாசி அச்சகங்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அச்சான நாட்காட்டியை வாங்குபவர் அதைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அதிலுள்ள படத்தையோ கடைப்பெயரையோ மாற்ற வேண்டுமானால் அச்சகத்தில் உள்ள வடிவமைப்புக் கோப்பு வேண்டும். தனியுரிம மென்பொருளில் பயனருக்குக் கிடைப்பது அச்சான நாட்காட்டி மட்டும். கட்டற்ற மென்பொருளில் வடிவமைப்புக் கோப்பும் அதைத் திருத்தி மீண்டும் அச்சிட்டுக் கொடுக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைக்கின்றன.

கட்டற்ற மென்பொருளின் பயனருக்கு நான்கு உரிமைகள் உண்டு. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். தாம் மாற்றிய வடிவத்தையும் பிறருக்கு வழங்கலாம். ஆகவே 'கட்டற்ற' என்பது விலையைக் குறிப்பதன்று, உரிமையைக் குறிப்பது. இலவசமாகக் கிடைக்கும் எல்லா மென்பொருளும் கட்டற்றவை ஆகிவிடா.

உலகப் பின்னணி

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். பிற்காலத்தில் அதன் மூலநிரலைப் பயன்படுத்துவதற்கு உரிமக் கட்டுப்பாடுகள் இறுகின. இந்நிலையில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், யுனிக்ஸ் போலவே இயங்கும், ஆனால் எவரும் பகிரத்தக்க 'குனு' என்னும் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக 1983 செப்டம்பரில் அறிவித்தார். 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989-ல் குனு பொது மக்கள் உரிமம் வெளியானது. இந்த உரிமத்தின்கீழ் உள்ள நிரலை மாற்றி வெளியிடுபவர், மாற்றிய மூலநிரலையும் அதே உரிமையுடன் தர வேண்டும். பொதுவில் வைக்கப்பட்ட நிரலை யாரும் தனிச்சொத்தாக்கிப் பூட்டிவிட முடியாதபடி இது காக்கிறது.

குனு திட்டத்தில் தொகுப்பி, உரைத்திருத்தி முதலிய பல கருவிகள் தயாராகியும் கருனி முழுமை பெறவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் பின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 21 வயதில், 1991 ஆகஸ்ட் 25 அன்று, தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். 1992-ல் லினக்ஸ் கருனி குனு பொது மக்கள் உரிமத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. குனு கருவிகளும் லினக்ஸ் கருனியும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஆயின. இதனாலேயே பலர் இதைக் குனு/லினக்ஸ் என்று எழுதுகின்றனர்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் வழங்கலைத் தொடங்கினார். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அவர் இட்ட பெயர் அது. எந்த ஒரு வணிக நிறுவனத்துக்கும் உரியதாக இல்லாமல், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் நடத்தப்படுவது டெபியனின் தனித்தன்மை. 2004-ல் வெளிவந்த உபுண்டுவும் பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவையே.

இந்தியாவில் லினக்ஸ்

இணைய வேகம் மிகக் குறைவாக இருந்த 1990-களில் லினக்ஸ் இந்தியாவுக்குள் பெரும்பாலும் கணினி இதழ்களுடன் வந்த குறுந்தகடுகள் வழியாகவே பரவியது. பொறியியல் கல்லூரி மாணவர்களும் கணினி ஆர்வலர்களும் அத்தகடுகளைப் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். உரிமம் அதை அனுமதித்ததால் அது திருட்டுப் படி ஆகவில்லை. 1990-களின் இறுதியில் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழு உருவாயிற்று.

2003 மே மாதம் புனேயில் உள்ள தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்றின் விழாவில் பேசிய அன்றைய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், இந்தியாவுக்குத் திறமூல மென்பொருள் பொருத்தமானது என்று வலியுறுத்தினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத மென்பொருளை நம்பிப் பாதுகாப்புத் துறை போன்ற இடங்களில் செயல்படுவதில் உள்ள சிக்கலை அவர் எடுத்துக்காட்டினார். செலவு என்ற கோணத்தில் மட்டும் பார்க்கப்பட்டு வந்த திறமூல மென்பொருள், நாட்டின் தற்சார்பு என்ற கோணத்திலும் பேசப்படத் தொடங்கியது.

தமிழில் லினக்ஸ்

கணினியில் தமிழ் தெரிவதற்கு மூன்று தேவைகள் உண்டு: எழுத்துகளுக்குப் பொதுவான குறியீடு, எழுத்துரு, எழுத்துகளைச் சரியாக அடுக்கிக் காட்டும் நிரல். முதல் தேவையை ஒருங்குறி நிறைவு செய்தது. மூன்றாவது தேவைதான் தமிழுக்குச் சிக்கலாக இருந்தது. எடுத்துக்காட்டாக, 'கொ' என்ற எழுத்து ஒருங்குறியில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்ததாகவும் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் வர வேண்டும். இந்த அடுக்குமுறையை அறியாத மென்பொருளில் எழுத்துகள் சிதறித் தெரியும். லினக்ஸ் உலகில் பாங்கோ, ஹார்ப்பஸ் ஆகிய திறமூல நிரல்கள் இவ்வேலையைச் செய்கின்றன.

2004-ல் ரெட் ஹேட் நிறுவனம் லோகித் என்னும் இந்திய மொழி எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. அவற்றுள் லோகித் தமிழும் ஒன்று. கே.டி.ஈ., க்னோம் ஆகிய பணிச்சூழல்களின் பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தமிழ்நாடு, இலங்கை மற்றும் பிற நாடுகளில் உள்ள தமிழ் ஆர்வலர்கள் ஊதியம் பெறாமல் மொழிபெயர்த்தனர். 'கோப்பு', 'தொகு', 'சேமி' போன்ற சொற்கள் கணினித் திரைக்கு வந்ததில் இவர்களின் பங்கு பெரிது. தனியுரிம மென்பொருளில் ஒரு மொழியைச் சேர்ப்பதா என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. கட்டற்ற மென்பொருளில் அம்மொழி பேசுவோரே யாரையும் கேட்காமல் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

2005 ஏப்ரலில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, தமிழ் எழுத்துருக்களும் தமிழ் மென்பொருள் கருவிகளும் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டுப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கியது. தமிழ்ப்படுத்தப்பட்ட திறமூல அலுவலகச் செயலியும் அதில் இருந்தது.

பாஸ் உருவான விதம்

1988-ல் தொடங்கப்பட்ட சி-டாக், புனேயைத் தலைமையிடமாகக் கொண்டது. 1991-ல் பரம் 8000 மீத்திறன் கணினியை உருவாக்கியதன் மூலம் அறியப்பட்டது. 2005-ல் மத்திய அரசின் நிதியுதவியுடன் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைந்தது. சி-டாக்கின் சென்னை மையமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையமும் இதில் இணைந்து செயல்பட்டன. மனிதவளப் பயிற்சி, கல்லூரிப் பாடத்திட்டம், இந்திய மொழிகளுக்கான மென்பொருள் ஆகியவை இம்மையத்தின் பணிகள். பாஸ் லினக்ஸ் இத்திட்டத்தின் விளைவாகவே பிறந்தது.

புதிதாக ஓர் இயங்குதளத்தை முதல் வரியிலிருந்து எழுதுவது பாஸ் குழுவின் நோக்கம் அன்று. ஏற்கெனவே உறுதிப்பட்ட டெபியனை எடுத்துக்கொண்டு, இந்திய அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஏற்றவாறு அமைப்பதே நோக்கம். இந்திய மொழி எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்புகள், தமிழ்ப்படுத்தப்பட்ட திரைப் பட்டியல்கள் ஆகியவை முன்கூட்டியே நிறுவப்பட்டன. மைக்ரோசாப்ட் ஆபிஸ் கோப்புகளை மொத்தமாகத் திறந்த ஆவண வடிவத்துக்கு மாற்றும் கருவியும் சேர்க்கப்பட்டது. விண்டோஸில் பழகிய அரசு ஊழியர் தயக்கமின்றி மாறிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் எண்ணம். லினக்ஸ் வழங்கல்களுக்கான பன்னாட்டுப் பொதுத்தரச் சான்றிதழையும் பாஸ் பெற்றது.

பதிப்புகள்

பாஸ் பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இந்தியப் பெயர் சூட்டப்படுகிறது.

1.0 – தரங் (அலை), 2007
2.0 – அனந்த் (முடிவற்றது), 2007
3.0 – தேஜஸ் (ஒளி), 2008
4.0 – சாவிர், 2011
5.0 – அனோகா (தனித்துவமானது), 2013
6.0 – அனூப் (ஒப்பற்றது), 2015

இவற்றைத் தொடர்ந்து த்ருஷ்டி, உன்னதி, ஊர்ஜா, பிரக்யா ஆகிய பெயர்களில் 7 முதல் 10 வரையிலான பதிப்புகள் வந்தன. மேசைக்கணினிப் பதிப்பு தவிர, பள்ளிகளுக்கான எடுபாஸ் பதிப்பும் வழங்கிகளுக்கான தனிப்பதிப்பும் உண்டு. லினக்ஸ் கருனியைப் பொருள்நோக்கு நிரலாக்க முறையில் மாற்றியமைக்கும் 'மூல்' என்னும் ஆய்வுத் திட்டத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யும் சி-டாக்கும் இணைந்து மேற்கொண்டன.

தமிழ்நாட்டு அரசும் கட்டற்ற மென்பொருளும்

தமிழ்நாட்டில் இம்மாற்றம் பாஸ் வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மேனிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 2000-களின் நடுப்பகுதியில் ஸ்டார் ஆபிஸ் இடம்பெற்றது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக சி. உமாசங்கர் இருந்தபோது, அந்நிறுவனத்தின் கணினிகள் லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. பள்ளிகளுக்கு வாங்கப்பட்ட கணினிகளிலும் சூசே லினக்ஸ் நிறுவப்பட்டது.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில், தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. பல்வேறு குறியீடுகளில் சிதறிக் கிடந்த அரசு ஆவணங்கள் ஒரே முறைக்கு வர இது வழி திறந்தது.

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. அரசு அலுவலகக் கணினிகள் பலவற்றில் அப்போது எக்ஸ்.பி.தான் இருந்தது. இதையொட்டித் தமிழ்நாட்டு அரசு, துறைகள் பாஸ் 5.0 பதிப்புக்கு மாறலாம் என அறிவுறுத்தியது. 2015-ல் மத்திய அரசும் அரசுத் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்னும் கொள்கையை வெளியிட்டது.

விலையில்லா மடிக்கணினியில் பாஸ்

2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவர்களுக்கும் கல்லூரி, பல்தொழில்நுட்பப் பயிலக மாணவர்களுக்கும் கணினி வழங்கும் இத்திட்டம் ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களை இலக்காகக் கொண்டிருந்தது. எல்காட் வழியாகக் கொள்முதல் நடந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன.

இக்கணினிகள் 'இரட்டைத் துவக்க' முறையில் அமைந்திருந்தன. கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். சில நொடிகளுக்குள் விண்டோஸ், பாஸ் ஆகிய இரண்டில் ஒன்றை மாணவர் தெரிவு செய்யலாம். ஒரே வட்டு இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு இரண்டும் தனித்தனியே நிறுவப்பட்டிருந்தன.

இத்திட்டத்தின் பயன் நகரங்களைவிடச் சிற்றூர்களில்தான் தெளிவாகத் தெரிந்தது. விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்த இருக்கன்குடி, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்த மாரியம்மன் கோயிலால் அறியப்படும் ஊர். மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலும் வாழ்வாதாரமாக உள்ள இப்பகுதியில், பெற்றோர் கணினி வாங்கித் தருவது எளிதன்று. இத்தகைய ஊர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி, பிளஸ் டூ படித்த பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினிதான். அதனுள் பாஸும் இருந்தது. மாற்றி எழுதும் உரிமையுடன் ஓர் இயங்குதளம் இவ்வாறு கிராமத்து மாணவரின் கைக்கு வந்தது.

பயன்பாடு குறைந்ததற்கான காரணங்கள்

இருந்தும், பெரும்பாலான மாணவர்கள் விண்டோஸையே பயன்படுத்தினர். வட்டில் இடம் வேண்டும் என்பதற்காகப் பாஸ் இருந்த பகுதியை அழித்தவர்களும் பலர். இதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, பழக்கம். கணினி மையங்களில் கற்பிக்கப்பட்டது விண்டோஸும் மைக்ரோசாப்ட் ஆபிஸும்தான். பழுது பார்க்கும் கடைகளிலும் அவையே தெரிந்திருந்தன. கணினி வழங்கப்பட்ட அளவுக்கு லினக்ஸ் பயிற்சி வழங்கப்படவில்லை.

இரண்டாவது, திருட்டுப் படிகள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் கடைகளில் ஏறத்தாழ இலவசமாகவே நிறுவித் தரப்பட்டதால், கட்டற்ற மென்பொருளின் விலை மதிப்பைப் பயனர் உணர வாய்ப்பில்லாமல் போயிற்று.

மூன்றாவது, தொழில் சார்ந்த மென்பொருள்கள். சிவகாசி வட்டார அச்சுத்தொழில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், பட்டாசுப் பெட்டி மேலுறை ஆகியவற்றை வடிவமைப்போர் கோரல் டிரா, போட்டோஷாப், பேஜ்மேக்கர் போன்ற விண்டோஸ் மென்பொருள்களிலும் ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களிலும் பழகியவர்கள். அக்கோப்புகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தெரியும். மாற்றாக உள்ள ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்துகள் நெடுங்காலம் சரியாக அடுக்கப்படவில்லை. 2017-ல் வெளியான 1.5.3 பதிப்பில்தான் ஹார்ப்பஸ் நிரல் இணைக்கப்பட்டு இக்குறை நீங்கியது. மடிக்கணினித் திட்டம் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகே இது நிகழ்ந்தது. படிப்பு முடிந்து அச்சகத்தில் வேலைக்குச் செல்ல விரும்பிய மாணவருக்கு அதுவரை பாஸ் உதவும் நிலையில் இல்லை.

அண்டை மாநிலமான கேரளத்தின் அனுபவம் இதிலிருந்து வேறுபட்டது. அங்கு 2001-ல் தொடங்கப்பட்ட ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பள்ளிகளுக்கென லினக்ஸ் வழங்கல் ஒன்றைத் தயாரித்தது. ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி தந்தது. பாடநூலும் தேர்வும் அதை ஒட்டியே அமைந்தன. கணினியும் ஆசிரியரும் பாடமும் ஒரே திசையில் சென்றதால் அங்கு லினக்ஸ் நிலைத்தது. தமிழ்நாட்டில் 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓபன் ஆபிஸும் இடம்பெற்றன.

விமர்சனங்கள்

பாஸை 'இந்தியாவின் சொந்த இயங்குதளம்' என்று அழைப்பது சரியா என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. இதிலுள்ள நிரலின் மிகப் பெரும் பகுதி உலகத் தன்னார்வலர்கள் எழுதியது. சி-டாக் செய்தது தேர்வு, தொகுப்பு, மொழிச்சேர்க்கை, சில கருவிகளின் உருவாக்கம் ஆகியவை. மறுபுறம், எல்லா வழங்கல்களும் இப்படியே உருவாகின்றன. உபுண்டுவும் டெபியனிலிருந்து பிறந்ததே. நிரலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் வல்லவர்கள் நாட்டுக்குள் இருப்பதே தற்சார்பு என்று கொண்டால், பாஸின் மதிப்பு வேறு வகையில் விளங்கும். டெபியனின் புதிய பதிப்பு வந்து நெடுநாள் கழித்தே பாஸின் பதிப்பு வருகிறது என்பதும் பயனர் குழு சிறியதாக இருப்பதால் ஐயம் தீர்க்க ஆள் கிடைப்பது அரிது என்பதும் பிற குறைகள்.

இன்றைய நிலை

பாஸின் பத்தாம் பதிப்பான பிரக்யா 2024-ல் வெளியானது. 2023-ல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளுக்கென உபுண்டு அடிப்படையிலான மாயா இயங்குதளத்தை அறிவித்தது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது.

லினக்ஸ் கருனி இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும் இயங்குகிறது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் கணியம் மின்னிதழ் 2012 ஜனவரி முதல் வெளிவருகிறது. லினக்ஸ் கற்க விரும்பும் தமிழ் மாணவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தேவைகளுக்கு, 2011 முதல் வழங்கப்பட்ட பழைய மடிக்கணினிகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பல வீடுகளில் பரணில் கிடக்கும் அக்கணினிகளைக் குறைந்த நினைவகத்தில் இயங்கும் எக்ஸ்.எப்.சி.ஈ., எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற எளிய பணிச்சூழல் கொண்ட லினக்ஸ் வழங்கல்களால் மீண்டும் பயன்படுத்த முடியும். முதல் ஆண்டுக் கணினிகளில் 2 ஜி.பி. நினைவகமே இருந்ததால் கனமான பணிச்சூழல்களைத் தவிர்ப்பது நல்லது. கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பென் டிரைவ் வழியாக 'நேரடி' முறையில் இயக்கிப் பார்த்து, ஒலி, வை-ஃபை, தமிழ்த் தட்டச்சு ஆகியவை சரியாக உள்ளன என்று உறுதி செய்துகொண்டு நிறுவலாம். பாஸை இந்த முறையில் வட்டில் எதையும் மாற்றாமலேயே சோதித்துப் பார்க்க இயலும்.